ஜெஃபர்சனின் தோட்டக் கணக்கு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவனுக்கு, யாருடைய கணக்கேடாக இருந்தாலும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற சபலம் இருக்கும். பணி ஓய்வுக்குப் பின் மொட்டைமாடியில் இருபது தொட்டிகளில் காய்கறி வளர்க்கத் தொடங்கினேன். எந்த நாளில் எதை விதைத்தேன், எது முளைத்தது, எது மாவுப்பூச்சிக்கு இரையானது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வந்தேன். எங்கள் தெருவில் இதே பித்துப் பிடித்த நண்பர்கள் நால்வர் உண்டு. மாலை நடையில் சந்தித்தால், கத்தரிக்கு எப்போது எரு வைப்பது, அவரை ஏன் பூவை உதிர்க்கிறது என்பதே பேச்சாக இருக்கும். விதைகளை நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் போல மடித்துக் கைமாற்றிக்கொள்வோம். இந்தப் பழக்கத்தின் பெரும் முன்னோடி ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார் என்பதும், அவர் ஒரு நாட்டின் அதிபராக இருந்தவர் என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே உள்ள மான்டிசெல்லோ குன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் கட்டி வாழ்ந்த மாளிகை அந்தக் குன்றின் உச்சியில் இருக்கிறது. உடன் வந்தவர்கள் குவிமாடத்தை வியந்துகொண்டிருந்த வேளையில் நான் தென்கிழக்குச் சரிவில் இறங்கிக் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டேன். மலையை வெட்டிச் சமன் செய்து, கீழே கற்சுவர் எழுப்பித் தாங்கிய மேடை அது. நீளம் 1,000 அடி. காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. சுள்ளிகளைப் பற்றிக்கொண்டு பட்டாணிக் கொடிகள் ஏறியிருந்தன. ஜெஃபர்சன் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டும் அகழாய்வு செய்தும் அந்தத் தோட்டத்தை மீட்டமைத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதிவைத்த ஏடு ஒரு தோட்டத்தையே மண்ணிலிருந்து திரும்ப எழுப்பியிருக்கிறது. அந்த ஏட்டைத் தேடிப் படிக்காமல் ஊர் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

ஜெஃபர்சன் 1743 ஏப்ரல் 13 அன்று அதே வட்டாரத்தில் ஷாட்வெல் என்ற பண்ணையில் பிறந்தார். 1757இல் தந்தை இறந்தபோது அவருக்கு வயது 14. நிலமும் அடிமைகளும் வாரிசுரிமையாக வந்தன. சட்டம் பயின்றுகொண்டிருந்த 22 வயதில், 1766 மார்ச் 30 அன்று, தோட்ட ஏட்டைத் தொடங்கினார். ஊதா நிற ஹயசிந்த் மலர் பூக்கத் தொடங்கியது என்பதே முதல் பதிவு. நடுநடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுந்தாலும் 1824 வரை அந்த ஏடு தொடர்ந்தது. 58 ஆண்டுகள் ஒரே ஏட்டில் ஒருவர் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால், மூன்றாம் ஆண்டிலேயே அலுத்துப்போன என் நோட்டுப் புத்தகம் நாணத்தைத் தருகிறது.

அந்த ஏட்டில் இலக்கிய நயம் ஏதும் இல்லை. இந்த நாள் பட்டாணி விதைக்கப்பட்டது, இந்த நாள் முளை விட்டது, இந்த நாள் உணவு மேசைக்கு வந்தது என்ற அளவில்தான் பதிவுகள் செல்கின்றன. ஆனால் வர்ஜீனியாவின் வசந்தத்தை அறிந்தவர்களுக்கு அந்த வறண்ட வரிகளுக்குள் இருக்கும் பதற்றம் புரியும். நமக்கு ஆடிப் பட்டம் போல அங்கே வசந்தம். பிப்ரவரியில் மண் இளகுகிறது. வெயிலை நம்பி விதைத்தால் ஏப்ரலிலோ மே முதல் வாரத்திலோ கூட ஓர் இரவு உறைபனி இறங்கி எல்லாவற்றையும் கருக்கிவிடும்.

1774இல் அதுதான் நேர்ந்தது. இத்தாலியிலிருந்து பிலிப் மாட்சே என்பவர் திராட்சையும் ஒலிவமும் வளர்க்கும் கனவோடு வந்து, மான்டிசெல்லோவுக்குப் பக்கத்திலேயே குடியேறியிருந்தார். அவர் தந்த ஊக்கத்தில் அந்த வசந்தத்தில் ஜெஃபர்சன் இத்தாலியக் காய்கறிகளையெல்லாம் விதைத்தார். இத்தாலியப் பெயர்களையே ஏட்டில் எழுதிவைத்தார். மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் பனி கொட்டியது. மலைகள் வெண்மையாயின. கோதுமையும் மக்காச்சோளமும் புகையிலையும் கருகின. மான்டிசெல்லோவில் அவ்வாண்டுப் பழங்களில் ஏறக்குறையப் பாதி போயின. அவர் புலம்பவில்லை. அழிந்தவற்றின் பட்டியலை எழுதிவிட்டு அடுத்த விதைப்புக்குப் போய்விட்டார்.

அளப்பதும் குறிப்பதும் அவருடைய இயல்பு. 1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் நிறைவேறியது. அதை வரைந்தவர் அவரே. மனிதர் அனைவரும் சமம் என்று உலகுக்கு அறிவித்த அந்த நாளிலும் நான்கு முறை வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்துவைத்திருக்கிறார். 1782 வசந்தத்தில் எந்த மலர் எந்த நாளில் பூத்தது என்று வரிசையாகக் குறித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மனைவி மார்த்தா இறந்துபோனார். பத்தே ஆண்டு மணவாழ்க்கை. அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1784இல் தூதுப்பணியாகப் பிரான்சுக்குச் சென்றது தோட்டக்காரராக அவருக்கு ஒரு திருப்பம். பாரிஸின் அரசுத் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த ஆந்த்ரே தூயெனுடன் நட்பு ஏற்பட்டது. பிற்காலத்தில் ஆண்டுதோறும் அவர் அனுப்பிய விதைப் பெட்டி அட்லாண்டிக்கைக் கடந்து வந்துகொண்டிருந்தது. ஜெஃபர்சன் அவற்றைத் தான் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அறிந்தவர்களுக்கெல்லாம் பிரித்து அனுப்பினார்.

1787இல் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதிக்குப் போனபோது செய்ததை நெல் விளையும் நாட்டைச் சேர்ந்த நான் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே விளைந்த நெல்லை விதையாக வெளியே கொண்டுபோவது மரண தண்டனைக்குரிய குற்றம். ஒரு நாட்டின் தூதர், மேலங்கியின் பைகளில் நெல்லை நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டினார்! தென் கரோலினா உழவர்களுக்கு அதை அனுப்பிவைத்தார். பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து மேட்டுநில நெல்லை வரவழைத்துக் கொடுத்தார். தேங்கிய நீரில் நெல் பயிரிடுவதால் ஆண்டுதோறும் காய்ச்சல் பரவி மக்கள் மாண்டுபோகிறார்கள், நீர் தேங்காத நெல் கிடைத்தால் உயிர்கள் பிழைக்கும் என்பது அவர் எண்ணம். அந்த வயல்களில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைகள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதிபர் தேர்தல் நடந்த 1800ஆம் ஆண்டில், தன் வாழ்நாள் பணிகளை அவர் தனக்காகவே பட்டியலிட்டபோது, விடுதலைப் பிரகடனத்தோடும் சமயச் சுதந்திரச் சட்டத்தோடும் ஒலிவக் கன்றுகளையும் மேட்டுநில நெல்லையும் சேர்த்தே எழுதினார். பயனுள்ள ஒரு பயிரை நாட்டுக்குக் கூடுதலாகத் தருவதே தலைசிறந்த தொண்டு என்பது அவர் கணிப்பு. அந்த ஒலிவம் பின்னாளில் பொய்த்தது. ஐந்நூறு கன்றுகள் வரை அனுப்பியும் ஒரு தோப்புகூட உருவாகவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அமைச்சராகப் பிலடெல்பியாவில் இருந்த 1790களில் மகள்களுக்கு அவர் எழுதிய கடிதங்களை அரசியல் வரலாற்றாசிரியர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அவைதாம் பிடித்தன. பட்டாணி எப்போது முளைத்தது, முதல் பறவை எந்த நாளில் கூவியது, என்ன பூத்திருக்கிறது என்று கேள்விக்குமேல் கேள்வி. பதில் வரத் தாமதமானால் கண்டிப்பு. 1793 கோடையில் மூத்த மகள் மார்த்தா, தோட்டத்தைப் பூச்சிகள் தின்று தீர்க்கின்றன என்று எழுதினார். அதற்கு அவர் தந்த விளக்கம் இன்றைய இயற்கை வேளாண்மை வகுப்பிலும் செல்லும். பூச்சி வந்ததற்குக் காரணம் செடியின் நலிவு, செடியின் நலிவுக்குக் காரணம் மண்ணின் வறுமை. ஆகவே குளிர்காலத்தில் தோட்டம் முழுவதும் கனமாக எரு பரப்ப வேண்டும் என்றார். எங்கள் தெரு நண்பர்களிடம் இதைச் சொன்னேன். அவர்களில் ஒருவர், இதைச் சொல்ல ஒரு ஜெஃபர்சன் வேண்டுமா, என் பாட்டி சொன்னதுதானே என்றார். உண்மைதான்.

1801 முதல் 1809 வரை எட்டு ஆண்டுகள் அதிபராக இருந்தார். அந்த எட்டு ஆண்டுகளிலும் வாஷிங்டன் சந்தைக்கு எந்தக் காய்கறி எந்த நாளில் முதலில் வந்தது, எந்த நாளில் கடைசியாக வந்தது என்று 37 வகைக் காய்கறிகளுக்கு ஓர் அட்டவணை தயாரித்தார். பொருளியல் மாணவனுக்கு இது பொக்கிஷம். ஒரு நகரத்தின் காய்கறி வரத்தைப் பருவவாரியாகக் காட்டும் புள்ளிவிவரம், நாட்டின் அதிபர் கையாலேயே கிடைக்கிறது.

அயர்லாந்திலிருந்து குடியேறி, பிலடெல்பியாவில் விதைக்கடை வைத்திருந்தவர் பெர்னார்ட் மெக்மேகன். அமெரிக்கத் தட்பவெப்பத்துக்கேற்ப எந்த மாதம் எதைச் செய்ய வேண்டும் என்று விளக்கும் தோட்ட நூலை அவர் 1806இல் வெளியிட்டார். ஜெஃபர்சன் அதைப் பாடநூலாகவே வைத்துக்கொண்டார். அதிபரும் விதைக்கடைக்காரரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர். ஒருவர் கிழங்குகளை அனுப்ப, மற்றவர் புதிய விதைகளை அனுப்பினார். லூயிஸும் கிளார்க்கும் மேற்கே பசிபிக் கடல்வரை சென்று திரும்பியபோது கொண்டுவந்த அரிய விதைகளில் ஒரு பங்கை வளர்த்துப் பார்க்கும் பொறுப்பை ஜெஃபர்சன் மெக்மேகனிடம் கொடுத்தார்.

மான்டிசெல்லோவில் அவர் இல்லாத நாள்களில் மலர்ப் பாத்திகளைக் கவனித்தவர் பேத்தி ஆன். பதின்ம வயதுப் பெண். எது பிழைத்தது, எது பட்டுப்போனது என்று தாத்தாவுக்கு எழுதினார். தாத்தா அடுத்து என்ன நடலாம் என்று எழுதினார். விடுமுறைக்கு வந்தால் தாத்தாவே தோட்டத்தில் இறங்குவார். மற்றொரு பேத்தி பிற்காலத்தில் அந்தக் காட்சியை நினைவுகூர்ந்தார். கிழங்கு நடும் நாளில் ஜெஃபர்சன் கையில் அளவுக்கயிறு இருந்தது. மண்வெட்டியும் களைக்கொட்டும் வோர்ம்லியின் கையில் இருந்தன.

வோர்ம்லி ஹியூஸ் 1781இல் அடிமையாகப் பிறந்தவர். மான்டிசெல்லோவின் தலைமைத் தோட்டக்காரராக உயர்ந்தவர். நான் நின்றிருந்த 1,000 அடி மேடை 1806 முதல் 1809 வரை உருவானபோது, மலையின் செம்மண்ணை வெட்டிச் சுமந்தவர்களும் அடிமைகளே. அவர்களில் சிலர் வேறோர் உரிமையாளரிடமிருந்து கூலிக்கு எடுக்கப்பட்டவர்கள். கூலி உழைத்தவருக்கு அன்று, உரிமையாளருக்கு. முயல்குட்டிகூட நுழைய முடியாதபடி நெருக்கி அடித்த 10 அடி உயர மரவேலி முக்கால் மைல் நீளத்துக்குத் தோட்டத்தைச் சுற்றி எழுந்தது. அதை எழுப்பியவர்களும் மான்டிசெல்லோவின் உழைப்பாளிகளே.

1809இல் பதவியிலிருந்து விடுபட்டு 65ஆம் வயதில் ஊர் திரும்பிய ஜெஃபர்சன், முழுநேரத் தோட்டக்காரராக மாறினார். வெண்டை, கத்தரி, தக்காளி, பல நாட்டு அவரைகள், ஆர்ட்டிசோக், கோஸ் என்று அவர் தம் வாழ்நாளில் முயன்று பார்த்த காய்கறி, மூலிகை வகைகள் முந்நூறைத் தாண்டும். லெட்டூஸ் கீரையைப் பிப்ரவரி தொடங்கிச் செப்டம்பர் வரை திங்கட்கிழமைதோறும், தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உறையின் கொள்ளளவு விதைக்க வேண்டும் என்று விதி வகுத்தார். ஏட்டில் கட்டம் போட்டு, எது, எங்கே, எப்போது விதைத்தது, எப்போது நாற்று மாற்றியது, எப்போது மேசைக்கு வந்தது, எப்போது முடிந்தது, விதை எடுத்தது எப்போது என்று பத்திகள் பிரித்தார்.

அந்தக் கட்டங்களில் என்னைக் கவர்ந்தது தோல்விகளின் எண்ணிக்கை. 1809ஆம் ஆண்டுப் பக்கத்தில் பொய்த்தது, பொய்த்தது என்று திரும்பத் திரும்ப வருகிறது. பூச்சி தின்றதையும் வறட்சியில் போனதையும் அவர் மறைக்கவில்லை. மலையுச்சியில் கிணறு வற்றும் சிக்கல் வேறு. ஆயினும் மறு ஆண்டு அதே விதையை எடுத்தார். ஓவியரும் நண்பருமான சார்ல்ஸ் வில்சன் பீலுக்கு 1811இல் எழுதியபோது, தோட்டத்தில் ஒன்றின் இழப்பை மற்றொன்றின் விளைச்சல் ஈடுசெய்துவிடுவதாகவும், வயதில் கிழவனானாலும் தோட்டத் தொழிலில் தான் இன்னும் இளைஞன்தான் என்றும் தெரிவித்தார். இடர் பரவலாக்கம் என்று நாங்கள் வகுப்பில் அரை மணி நேரம் நடத்துவதை அவர் காய்கறிப் பாத்தியிலிருந்து கற்றிருக்கிறார்.

பட்டாணிப் போட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்த வட்டார மக்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அவர் 15 வகைப் பட்டாணி வளர்த்தார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குள் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு பந்தயம். யார் வீட்டில் முதலில் பட்டாணி காய்க்கிறதோ, அவர் மற்றவர்களை விருந்துக்கு அழைக்க வேண்டும். பெரும்பாலும் வென்றவர் ஜார்ஜ் டைவர்ஸ். ஓர் ஆண்டு ஜெஃபர்சனின் பட்டாணி முந்திவிட்டது. வீட்டார் மகிழ்ந்து அழைப்பு அனுப்பலாம் என்றபோது அவர் தடுத்துவிட்டார். அந்தப் பெருமை டைவர்ஸிடமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்ததாகக் குடும்பத்தார் சொல்லிவந்திருக்கிறார்கள். மனிதரை நேசிக்கவைக்கும் செய்தி இது. இதைப் படித்த அன்று எங்கள் தெரு நண்பர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தேன்.

எள்ளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜார்ஜியாவிலிருந்து வந்த நல்லெண்ணெயை விருந்தில் பரிமாறினார். ஒலிவ எண்ணெய்க்கும் அதற்கும் வேறுபாடு காண விருந்தினரால் முடியவில்லை. ஒலிவம் கைவிட்ட ஏக்கத்தில் இருந்தவருக்கு எள் வரப்பிரசாதமாகத் தோன்றியது. பல ஆண்டுகள் விதைத்தும் இழந்தும், எண்ணெய் பிழியும் முறை கைவராமல் தடுமாறியும் விடாது முயன்றார். பேத்தி ஆனுக்கு எழுதியபோது, அந்த எள்ளை ஆப்பிரிக்காவிலிருந்து ஜார்ஜியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் கருப்பின மக்களே என்றும் குறிப்பிட்டார். ஆக, விதையின் ஊற்றுக்கண் எது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி அந்த வீட்டின் இன்னொரு கணக்கேட்டுக்கு வருகிறேன். மலர்ப் பாத்திகளைக் கவனித்த அதே ஆன், 1805 முதல் 1808 வரை வீட்டுச் செலவுக்காக ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். வீட்டுக்கு வாங்கிய முட்டை, கோழி, வெள்ளரி, கோஸ், உருளைக்கிழங்கு, முலாம்பழம் எல்லாம் யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்று அதில் இருக்கிறது. விற்றவர்கள் மான்டிசெல்லோவின் அடிமைகள். தங்கள் குடிசைகளை ஒட்டிய துண்டு நிலத்தில், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பயிரிட்டவற்றை அவர்கள் எஜமானர் வீட்டுக்குக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். வாரப்படியாக அவர்களுக்குக் கிடைத்தது மக்காச்சோள மாவும் சிறிது உப்பிட்ட மீனோ இறைச்சியோதான். அந்தக் குறையைத் தாங்களே ஈடுகட்டிக்கொண்டதோடு மிச்சத்தை விற்கவும் செய்தார்கள்.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் ஏட்டை மூடிவைத்துவிட்டேன். நூற்றுக்கணக்கான வகை விதைகளும், பாரிஸிலிருந்து வரும் பெட்டிகளும், மெக்மேகனின் நூலும், 10 அடி வேலியும் கொண்ட வீடு, நாளெல்லாம் பிறர் வேலையைச் செய்து களைத்தவர்களிடமிருந்து வெள்ளரிக்காய் வாங்கியிருக்கிறது. ஏன் வாங்க வேண்டியிருந்தது? ஜெஃபர்சனின் தோட்டம் ஆய்வுக்கூடம். அங்கே பொய்த்தாலும் ஏட்டில் ஒரு சொல்தான் கூடும். குடிசைத் தோட்டத்தில் பொய்த்தால் உலையில் குறையும். அதனால் அவர்கள் தப்பாமல் விளையும் பயிரையே வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். தோற்றுப் பார்ப்பதற்கு வசதி வேண்டும். அந்த வசதியின் செலவை யார் ஏற்றார்கள் என்பதற்கு ஜெஃபர்சனின் ஏட்டில் பத்தி ஒதுக்கப்படவில்லை.

ஊர் திரும்பியதும் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நான் வெளிநாட்டில் இருந்த நான்கு மாதமும் இருபது தொட்டிகளுக்கும் நீர் விட்டவர் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள். மண் மூட்டைகளை மூன்று மாடி ஏற்றியவர் ஓர் இளைஞர். இருவர் பெயரும் அதில் ஒரு பக்கத்திலும் இல்லை. நான் காய்க்கவைத்த கத்தரி என்றுதான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். கூலி பெறும் உழைப்பையும் அடிமை உழைப்பையும் ஒன்றாக வைக்க நான் துணியமாட்டேன். அப்படிச் செய்தால் அடிமைத்தனத்தின் கொடுமையைக் குறைத்துக் காட்டியதாகும். ஆயினும் ஏட்டில் விடுபட்டது விடுபட்டதுதான்.

பணக் கணக்கிலும் ஜெஃபர்சன் இப்படித்தான். 1767 முதல் இறக்கும்வரை ஒவ்வொரு நாள் செலவையும் எழுதினார். இரவலருக்குக் கொடுத்த சில்லறைகூட விடுபடாது. ஆனால் எழுதியவற்றைக் கூட்டி, மொத்தம் எவ்வளவு கடன் என்று பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மாமனார் வெயில்ஸ் 1773இல் இறந்தபோது நிலத்தோடும் 135 அடிமைகளோடும் பெருங்கடனும் சேர்ந்து வந்தது. மாளிகையை இடித்துக் கட்டுவதும், ஓயாத விருந்தும், பிரெஞ்சு ஒயினும் கடனை வளர்த்தன. 1819இன் பொருளாதார நெருக்கடியில், நண்பர் ஒருவருக்காகப் பிணை நின்ற 20,000 டாலரும் அவர் தலையில் விழுந்தது. வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்கள் அவருக்கு உடைமையாக இருந்தார்கள். அவர்களை அடமானப் பொருளாகவும் வைத்திருந்தார். அடிமை முறை தவறு என்று இளமையிலேயே எழுதியவர், அதிலிருந்து விலகும் நாளைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனார். கடன்காரர்களின் பிடி இறுக இறுக அந்த நாள் இன்னும் தொலைவாயிற்று.

1825 இறுதியில், 82 வயதில், ஒஹையோ மாநிலத்தில் மிக நீளமான வெள்ளரிக்காய் விளைந்த செய்தியை அவர் அறிந்தார். அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநருக்குக் கடிதம் எழுதி விதை கேட்டார். வரும் வசந்தத்தில் ஊன்றிப் பார்க்க வேண்டும். அப்போது அவருடைய கடன் 1,00,000 டாலரைத் தாண்டியிருந்தது. மான்டிசெல்லோவையே காப்பாற்ற முடியுமா என்ற நிலை. 1826 பிப்ரவரியில் பேத்தி ஆன் இறந்தார். ஜூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், ஜெஃபர்சனும் கண்ணை மூடினார்.

உயிலில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை தந்திருந்தார். அவர்களில் வோர்ம்லி இல்லை. எஜமானருக்குக் குழி தோண்டியவர் வோர்ம்லி. மகள் மார்த்தா பின்னர் அவரைத் தன் போக்கில் வாழ விட்டுவிட்டார். ஆனால் 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 மனிதர்கள் ஏலத்துக்கு வந்தபோது, வோர்ம்லியின் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் விற்கப்பட்டவர்களில் இருந்தார்கள். கடனுக்கு ஈடாகக் கிடைத்த தொகைகள் ஏட்டில் ஏறின.

வோர்ம்லி 1858 வரை வாழ்ந்தார். ஜெஃபர்சனின் வரலாற்றை எழுத வந்த ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய அவரைத் தேடிப்பிடித்து மான்டிசெல்லோவின் பழைய நாள்களைக் கேட்டறிந்தார்.

அன்று காய்கறித் தோட்டத்திலிருந்து மேலே ஏறியபோது, மல்பெரி மரங்கள் நிற்கும் பாதையைக் கடந்தேன். அடிமைகளின் குடிசைகளும் பட்டறைகளும் இருந்த இடம் அது. தோட்ட மேடைக்கு மேலே, அதன் நீளத்துக்கே ஓடுகிறது. மகள் மேலே நின்று கையசைத்தாள். வண்டி புறப்பட நேரமாகிவிட்டது. நினைவுப்பொருள் கடையில் பட்டாணி விதைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். விதைகளை அனுமதியின்றி நம் நாட்டுக்குள் கொண்டுவர இயலாதென்பதால் அதை மகள் வீட்டுத் தொட்டியில் ஊன்றிவிட்டு விமானம் ஏறினேன். ஜூன் தொடக்கத்தில் காய் பறித்ததாகத் தொலைபேசியில் சொன்னாள். எந்த நாள் என்று கேட்டேன். யார் நீர் விட்டது என்றும் கேட்டேன். பக்கத்து வீட்டு மூதாட்டி என்றாள். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.